பயம் காய்ச்சலைத் தீர்க்குமா?

(தென்காசியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் பீடித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக்கு நாடே திரண்டு வருகிறது. அருவியில் குளித்து, ஈரத் தலையோடு சந்தோஷமாகத் திரும்பிப் போகிறது. நமக்கும் சந்தோஷந்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் பிள்ளை பெற்று வளர்க்கிற தாய்மார்களுக்கு மழையோடு இன்னொரு நினைப்பும் வருகிறது. அதுதான் காய்ச்சல்.

காய்ச்சல் வந்தால் அதன் பின்னாலேயே நோட்டீசும் வருகிறது. சுவரிலே பெரிய கொசு, மண்டை ஓடு, சிவப்பு எழுத்து. “எச்சரிக்கை! உயிரைப் பறிக்கும் நோய்!” என்று ஒலிபெருக்கி தெருத்தெருவாக அலறிக்கொண்டு போகிறது. கேட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிய பிறகு நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்துகிறோம். பக்கத்து வீட்டைச் சந்தேகத்தோடு பார்க்கிறோம். அவ்வளவுதான்.

இன்று நாம் பேச வந்த விஷயம் இதுதான். நோயைப் பற்றிய பயம் மனிதனுக்கு என்ன செய்கிறது? அது எப்போது உயிரைக் காக்கிறது, எப்போது உயிரை எடுக்கிறது? “எங்கள் ஜனங்களைப் பயமுறுத்தினால்தான் கேட்பார்கள்” என்று அதிகாரிகள் சொல்வது சரியா?

கடையநல்லூர் சொன்ன பாடம்

தூரத்து உதாரணம் வேண்டாம். நம் கடையநல்லூரையே எடுத்துக்கொள்வோம்.

2012-ஆம் வருஷம் கோடையில் அங்கே காய்ச்சல் பரவியது. அப்போது நாம் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். தொடக்கத்தில் அந்தக் காய்ச்சலுக்குக் கிடைத்த பெயர் என்ன? “மர்மக் காய்ச்சல்”! டீக்கடையிலும் அந்தப் பேச்சு, பத்திரிகையிலும் அந்தப் பேச்சு. மர்மம் என்றால் என்ன அர்த்தம்? எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது, யாரைப் பிடிக்கும் என்று ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பெயர் தெரியாத நோயைப் போல மனிதனை அரள வைப்பது வேறில்லை.

பிறகு தெரிந்தது, அது டெங்கு என்று. கொசுவின் பெயரும் தெரியும், வைரஸின் ஜாதகமும் தெரியும். மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் எத்தனையோ வீடுகளில் துக்கம் விழுந்துவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டதாகவும் 66 பேர் இறந்ததாகவும் சர்க்கார் கணக்கு சொல்கிறது. மிக அதிகமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று நம் பகுதி.

டெங்குக் கொசு சாக்கடைக் கொசு அல்ல, தோழர்களே. அது நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. டிரம்மிலே, தொட்டியிலே, குடத்திலே, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலே, பழைய டயரிலே முட்டையிடுகிறது. பகலில் கடிக்கிறது. முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால் அதன் வம்சம் அறுந்துபோகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தேய்க்க வேண்டும்.

இந்த நாலு வாக்கியத்தை எழுத மண்டை ஓட்டுக்குப் பதிலாக அந்தச் சுவரில் இடம் இருந்தது அல்லவா?

சரி, சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நம் தாய்மார்கள் கேட்பார்கள்: “வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் காலி பண்ணச் சொல்கிறீர்களே, மறுபடி நிரப்பத் தண்ணீருக்கு எங்கே போக?” நியாயமான கேள்வி! மலையிலே அருவி கொட்டுகிறது. அதன் காலடியில் இருக்கும் ஊர்களில் எத்தனையோ தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் தினசரி வருவதில்லை. தண்ணீர் வராத தெருவில்தான் டிரம் நிற்கிறது. டிரம் நிற்கிற வீட்டில்தான் கொசு பிறக்கிறது. 2017-இல் மறுபடி டெங்கு வந்தபோது (அந்த வருஷம் மாநிலத்தில் 23,294 பேருக்கு நோய், 65 பேர் சாவு) கொசுப்புழு இருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் அபராதம் போட்டார்கள். அசட்டையாக இருந்த பெரிய கட்டிடக்காரனுக்கு அபராதம் போடட்டும். நாம் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆனால் தண்ணீர் கிடைக்காமல் சேமித்து வைத்த பீடித் தொழிலாளிக்கு அபராதம் போட்டால் என்ன ஆகும்? அவள் கொசுவுக்குப் பயப்பட மாட்டாள். சுகாதார ஊழியருக்குப் பயப்படுவாள். தொட்டியைக் கழுவ மாட்டாள், கதவைத் தாழிடுவாள்.

பயம் தவறான ஆளின் மேல் திரும்பிவிட்டது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள்

இது நம் வெறும் அபிப்பிராயம் அல்ல. மனதைப் பற்றி ஆராய்கிறவர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1965-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் லெவந்தால் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ரணஜன்னி என்று நாம் சொல்லும் டெட்டனஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி மாணவர்களிடம் பிரசாரம் செய்தார்கள். சிலருக்குக் குலைநடுங்கும் படங்களோடு புத்தகம். சிலருக்குச் சாதாரணமாக எழுதிய புத்தகம். பயங்கரப் படம் பார்த்தவர்கள் “ஆமாம், கட்டாயம் போட வேண்டும்” என்று அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டார்களா? இரண்டு வகையிலும் 100-க்கு ஏறக்குறைய 3 பேர்தான்!

வேறு சிலருக்கு இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம். உன் வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் அந்தப் பக்கம் போவாய் என்று யோசித்து வைத்துக்கொள் என்று ஒரு யோசனை. அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் 100-க்கு சுமார் 28 பேர் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் அதிகம் பயந்தவனுக்கும் கொஞ்சம் பயந்தவனுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இதன் பொருள் என்ன? ஆபத்து இருக்கிறது என்று தெரிய வேண்டும், அது உண்மை. ஆபத்தே தெரியாதவன் அடி எடுத்து வைக்க மாட்டான். ஆனால் எந்த வழியாகப் போவது என்று தெரியாமல் பயம் மட்டும் ஏறினால், மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதை விட்டுவிட்டுப் பயத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான். “நமக்கெல்லாம் வராது” என்கிறான். “எல்லாம் விதி” என்கிறான். அல்லது “அவனால்தான் வந்தது” என்று அடுத்தவனைக் காட்டுகிறான்.

ஆலையில் தீப்பிடித்தால் “தீ! தீ!” என்று கத்துவது அவசியம். ஆனால் வாசலைப் பூட்டி வைத்துக்கொண்டு கத்தினால்? நெரிசலில் மிதிபட்டுச் சாவார்கள். முதலில் வாசலைத் திற, பிறகு கத்து. இதுதான் முறை.

பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள்

பூட்டிய வாசலில் கத்தினால் என்ன நடக்கும் என்பதை நம் முன்னோரான ஆலைத் தொழிலாளர்களின் சரித்திரமே காட்டுகிறது.

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. வெள்ளைக்கார சர்க்கார் என்ன செய்தது? வீடு புகுந்து சோதனை போட்டது. நோயாளி என்று சந்தேகப்பட்டவர்களை வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போனது. ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்ப மாட்டான் என்று சேரிகளில் பேச்சுக் கிளம்பியது. அந்த அக்டோபரில் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள்போலத் திரண்டு அந்த ஆஸ்பத்திரியையே தாக்கினார்கள். லட்சக்கணக்கானவர்கள் நகரத்தைக் காலி செய்து சொந்த ஊருக்கு ஓடினார்கள். 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து இன்னும் இறுக்கினார்கள். ஜனங்கள் நோயாளியை இன்னும் ஆழமாக ஒளித்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்குப் பிளேக் ஒரு பயம். சர்க்கார் அதைவிடப் பெரிய பயம். இரண்டில் பெரியதைப் பார்த்து ஓடினார்கள். ஆனால் வைத்தியம் செய்கிற இடத்தின் மேல் கல் எறிந்தது சரியா? இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொள்வோம். பயம் நண்பனையும் பகைவனையும் பிரித்துப் பார்க்கிற கண்ணைக் குருடாக்கிவிடும்.

2020-இல் நாம் கண்டது

அதெல்லாம் அந்தக் காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கொரோனாவை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தானே!

2020 மார்ச் 7-இல் தமிழ்நாட்டில் முதல் நோயாளி. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நாலு மணி நேரத்தில் தேசம் முழுவதும் ஊரடங்கு. போனை எடுத்தால் முதலில் இருமல் சத்தம். புது மாவட்டமாகி நாலு மாதந்தான் ஆகியிருந்தது தென்காசி. ஏப்ரலில் புளியங்குடியில் நோய் அதிகமாகத் தென்பட்டுத் தெருக்கள் அடைபட்டன. வீட்டு வாசலில் சீட்டு ஒட்டினார்கள். அந்தச் சீட்டு நோய்க்கு ஒட்டிய சீட்டாகவா இருந்தது? மனிதனுக்கு ஒட்டிய சீட்டாகிவிட்டது. பால்காரர் நிற்க மாட்டார். கடைக்காரர் சாமான் தர மாட்டார். இதைக் கண்ட மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? “காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லாதே” என்று கற்றுக்கொண்டார்கள். சட்டப்படியான உத்தரவு இல்லாமல் வீடுகளில் அப்படிச் சீட்டு ஒட்டக்கூடாது என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு பக்கம், டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்களைச் சாக்காக வைத்து ஒரு மதத்தின் மேலேயே நோயைக் கட்டிவிட்டார்கள். வைரஸுக்குத் தொப்பியும் தெரியாது, திருநீறும் தெரியாது. ஆனால் பயந்த மனம் ஒரு முகத்தைத் தேடுகிறது. யாராவது ஒரு முகத்தைக் காட்டினால் பிடித்துக்கொள்கிறது. அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் பலிகடாவாக்கப்பட்டார்கள் என்று 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை தீர்ப்பே எழுதியது. தீர்ப்பு வந்தது ஆகஸ்டில். பழி விழுந்தது ஏப்ரலில்.

அந்த ஏப்ரல் 19-ஆம் தேதி சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். மூளை, நரம்பு அறுவை வைத்தியர். அவர் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது கூட்டம் கூடி மறித்தது. ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. கடைசியில் நள்ளிரவில் இன்னொரு டாக்டரே மண்வெட்டி எடுத்துக் குழியை மூட வேண்டி வந்தது. அடித்தவர்கள் யார்? குண்டர்களா? பெரும்பாலோர் நம்மைப் போலத் தெருவில் வாழும் சாதாரண ஜனங்கள். “புதைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வந்துவிடும்” என்று நம்பினார்கள். முறைப்படி மூடிப் புதைத்த உடலிலிருந்து நோய் தெருவுக்கு வராது என்று அவர்களுக்கு யாரும் நிதானமாக உட்கார்ந்து சொல்லவில்லை. இருமல் சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை சிறை என்றது. முதலில் நோயைக் காட்டிப் பயமுறுத்தினார்கள்; அந்தப் பயம் செய்த காரியத்தை நிறுத்த ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்த வேண்டி வந்தது!

அடுத்த வருஷம் இதே தமிழ்நாட்டில் வேறொன்றும் நடந்தது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பில் விழுந்து, ஏப்ரல் 17-இல் காலமானார். ஊசிதான் காரணம் என்ற பயம் ஊர் ஊராகப் பரவியது. அது காரணமல்ல என்று நிபுணர் குழு ஆராய்ந்து அறிவித்தது அக்டோபரில்தான். ஆனால் அதற்கு முன்பே, செப்டம்பர் 12-இல் மாநிலம் முழுவதும் முகாம் போட்டு ஊசியை வீட்டருகே கொண்டுவந்தபோது ஒரே நாளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். இடையில் வந்த இரண்டாவது அலையின் சாவும் ஜனங்களை உலுக்கியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பயந்தவர்கள் போவதற்கு அன்று ஒரு வாசல் திறந்திருந்தது. பள்ளிக்கூடத்தில், ஊர்ச் சாவடியில், கூலி போகாத ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருந்தது. அதுதான் வித்தியாசம்.

சென்னை உலகத்துக்குக் காட்டிய வழி

பயத்தைக் கரைக்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் நோயாளியை வீட்டை விட்டே ஒதுக்கினார்கள். மலைப்பக்கத்துச் சானடோரியத்தில் போய் ஒரு வருஷம் படுத்துக் கிடக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத ஏழை இருமி இருமிச் சாக வேண்டும். 1956-இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சானடோரியத்தில் வைத்தியம். மறு பகுதிக்கு வீட்டில் வைத்தே மாத்திரை. வீட்டிலிருந்தவர்கள் நம்மைப் போன்ற ஏழைகள். நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு. முடிவு 1959-இல் வெளிவந்தது. இரண்டு பகுதியிலும் குணமானவர்கள் ஏறக்குறைய சமம்! வீட்டிலிருந்த மனைவி மக்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரைக் கண்டு ஓட வேண்டியதில்லை என்று சென்னையின் ஏழை வீடுகள் உலகத்துக்கே நிரூபித்தன.

பயம் போனது பிரசங்கத்தால் அல்ல. மாத்திரை கையில் கிடைத்ததால் போனது. இன்றும் பஞ்சு பறக்கும் ஆலையிலும் புகையிலைத் தூசியிலும் வேலை செய்கிற நமக்கு இது தேவையான செய்தி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024 நவம்பர் முதல் விதி. இதைக் கேட்டு வாங்குவது பிச்சை அல்ல, உரிமை.

நோட்டீஸ் காணாத பயம்

அதிகாரிகள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சுவரொட்டி அடிப்பவனுக்கு ஒரு பயந்தான் தெரியும். நமக்கு எத்தனை பயம்! நடவுக்குப் போகிற பெண்ணுக்குப் பிள்ளையின் காய்ச்சலைக் கண்டு பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போகுமே என்று பயம். வட்டிக்காரனைக் கண்டு பயம். “மூன்று நாள் வரவில்லை, வேறு ஆளைப் போட்டுவிட்டேன்” என்று கங்காணி சொல்வானே என்று பயம். இத்தனை பயங்களுக்கு நடுவே கொசுப் படம் எங்கே நிற்கும்? இ.எஸ்.ஐ.-யில் பதிவான ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 100-க்கு 70 பங்கு கிடைக்க வழி உண்டு. வயலில் நிற்பவருக்கு என்ன உண்டு? அந்த வழி இல்லை. அவரைப் பார்த்து “அலட்சியம்” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆகவே பயமுறுத்துவது மலிவான வேலை. அதற்கு மையும் காகிதமும் போதும். தண்ணீர் கொடுக்கக் குழாய் வேண்டும். வைத்தியம் கொடுக்க டாக்டரும் நர்சும் படுக்கையும் வேண்டும். மலிவானதைச் செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லுகிறவர்களிடம் நாம் ஒன்று கேட்போம்: “பயம் போதும் ஐயா, வழி எங்கே?”

நாம் செய்ய வேண்டியது

கேட்பது மட்டும் போதாது, தோழர்களே. நம் கையில் உள்ளதை நாமே செய்ய வேண்டும்.

ஒன்று: வாரத்தில் ஒரு நாளைத் தெருவுக்குத் தெரு குறித்துக்கொள்வோம். அன்று எல்லா வீட்டிலும் தொட்டியும் டிரம்மும் தேய்த்துக் கழுவி மூட வேண்டும். ஒரு வீடு கழுவி பக்கத்து வீடு விட்டால் பலனில்லை. கொசுவுக்கு மதில் கிடையாது. வயதானவர்கள் வீட்டில் நம் வாலிபர்கள் போய்க் கழுவிக் கொடுக்கட்டும்.

இரண்டு: காய்ச்சல் என்றால் ஒளிக்கக் கூடாது, முதல் இரண்டு நாளுக்குள் காட்ட வேண்டும். ஆஸ்பிரின், வலி மாத்திரை என்று கடையில் வாங்கிப் போடக் கூடாது. டெங்குவில் அது ரத்தக் கசிவைக் கூட்டும். முக்கியமாக ஒன்று: டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரந்தான் ஆபத்தான நேரம். “சுரம் விட்டுவிட்டது” என்று வேலைக்குப் போய்விடாதீர்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை சோர்ந்து துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். நேரத்தோடு நீர்ச்சத்து ஏற்றினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள்.

மூன்று: நோய் வந்த வீட்டைத் தள்ளி வைக்கக் கூடாது. அந்த வீட்டுக்குக் கஞ்சியும் தண்ணீரும் கொண்டுபோக ஆள் குறிப்போம். வேலைக்குப் போக முடியாதவருக்குக் கைமாற்றுக் கொடுப்போம். அண்டை வீடு கை கொடுக்கும் என்று தெரிந்தால் எவரும் காய்ச்சலை ஒளிக்க மாட்டார்.

நாலு: வீடு வீடாக வருகிற சுகாதார ஊழியரும் நம்மைப் போலக் கூலிக்கு உழைப்பவர்தான். அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். கோபம் இருந்தால் அதைத் தண்ணீர் தராத இடத்துக்கு மனுவாக எழுதுவோம். எல்லோரும் கையெழுத்திட்டுக் கொண்டுபோய்க் கொடுப்போம். பதில் வரும்வரை விட மாட்டோம்.

தோழர்களே! பயப்படுவது கேவலம் அல்ல. பிள்ளையின் நெற்றி சுடும்போது பயப்படாத தாய் உண்டா? அந்தப் பயம் அவளை ஆஸ்பத்திரியை நோக்கி நடக்க வைத்தால் அது நல்ல பயம். கதவைச் சாத்த வைத்தால் அது கெட்ட பயம். அவள் எந்தத் திசையில் நடப்பாள் என்பதைத் தீர்மானிப்பது சுவரொட்டி அல்ல. தெருவில் தண்ணீர் இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா, பக்கத்து வீட்டில் மனிதர் இருக்கிறாரா என்பதுதான்.

முதல் இரண்டையும் கேட்டுப் பெறுவோம். மூன்றாவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே தொடங்கலாம்.